பாய்மரக் கப்பலில் குடும்பமும் இல்லக் கல்வியும்: பிரெஞ்சுக் கரீபியத் தீவுகளுக்குப் புலம்பெயர்ந்த தமிழர்

முன்னுரை

புலம்பெயர் தமிழர் வரலாறு பெரும்பாலும் அவர்கள் தோட்டத்தில் இறங்கிய நாளிலிருந்தே எழுதப்படுகிறது. அதற்கு முந்திய கடற்பயணம் வெறும் போக்குவரத்தாகக் கருதப்பட்டு ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குச் சென்ற பாய்மரக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்ல ஏறத்தாழ மூன்று மாதங்கள் எடுத்துக்கொண்டன. அக்காலம் முழுவதும் கப்பலே குடும்பத்தின் வீடு. பெற்றோரும் உடன் பயணித்த மூத்தோருமே பிள்ளைகளின் ஆசிரியர். இவ்வில்லக் கல்வி எவற்றைக் கைமாற்றியது, எவற்றைக் கைமாற்ற இயலாது போயிற்று என்பதைத் தீவுகளில் எஞ்சிய பண்பாட்டுக் கூறுகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

தாயகத்தில் இல்லக் கல்வி

1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, நாட்டுக் கல்வியின் நிலை குறித்து மாவட்ட ஆட்சியர்களிடம் அறிக்கை கேட்டார். சேந்தமங்கலமும் நாமக்கல்லும் அடங்கிய அன்றைய சேலம் மாவட்டத்தின் அறிக்கை 333 பள்ளிகளைக் குறிப்பிட்டது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுள் கல்வி பயின்றோர் ஐயாயிரத்துக்கும் குறைவு. சென்னை நகர அறிக்கையோ வேறொரு செய்தியையும் தந்தது. அங்குப் பள்ளிகளில் பயின்றோரைவிட வீட்டில் பயின்றோர் நான்கைந்து மடங்கு மிகுதி.

எனவே இல்லக் கல்வி தமிழர்க்குப் புதியதன்று. ஆயினும் அது ஒரே தன்மையதாக இருக்கவில்லை. ஏடும் எழுத்தாணியும் இருந்த வீடு எழுத்தைக் கற்பித்தது. உழைப்பாளர் வீடு தொழிலையும் பாட்டையும் வழிபாட்டையும் கற்பித்தது. எழுத்து வேண்டுவோர் திண்ணைப் பள்ளியை நாட வேண்டியிருந்தது. ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களுள் பெரும்பாலோர் இவ்விரண்டாம் வகை வீட்டினர்.

பஞ்சமும் புறப்பாடும்

தமிழர்களின் கடல்கடந்த குடியேற்றத்துக்கு வறுமையும் பஞ்சமும் முதன்மைக் காரணங்கள். 1876–78ஆம் ஆண்டுப் பஞ்சம் சேலம் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. 1871இல் ஏறத்தாழ 19.7 இலட்சமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை 1881இல் ஏறத்தாழ 16 இலட்சமாகக் குறைந்தது. இக்குறைவில் சாவே பெரும்பங்கு. புலம்பெயர்வும் அதில் சேர்ந்தது. நேட்டாலுக்குச் சென்றோரின் கப்பற் பதிவேடுகளில் சேலம் மாவட்டத்தின் பெயர் இடம்பெறுகிறது. பிரெஞ்சுக் குடியேற்றங்களுக்கோ ஆள்சேர்ப்பு தமிழ் மாவட்டங்களில் நடைபெற்றுப் புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஆட்கள் அனுப்பப்பட்டனர்.

மார்த்தினிக்குக்கு 1853இலும் குவாதலூப்புக்கு 1854இலும் முதற்கப்பல்கள் சென்றன. 1880களில் இப்புலம்பெயர்வு முடிவுக்கு வருவதற்குள் மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேரும் குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேரும் இந்தியாவிலிருந்து சென்றிருந்தனர்.

கப்பலில் குடும்பம்

ஒப்பந்தக் கப்பல்களின் கீழ்த்தளத்தில் தனித்த ஆடவர் முன்பகுதியிலும், தனித்த பெண்டிர் பின்பகுதியிலும், குடும்பத்தினர் இடையிலும் தங்கவைக்கப்படுவது பொதுவழக்கம். சாதி, ஊர், உறவு என்னும் எல்லைகளுக்குள் வாழ்ந்தோர் ஒரே தளத்தில் உண்டு உறங்க நேர்ந்தது. அம்மையும் வாந்திபேதியும் பரவினால் முதலில் பலியானோர் குழந்தைகளே.

1861இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கை குடும்பத்தைக் கருத்திற்கொண்டது. கப்பலில் மருத்துவரும் மொழிபெயர்ப்பாளரும் இருத்தல் வேண்டும். பெண்களின் விகிதம் குறித்த அளவுக்குக் குறையலாகாது. தோட்டங்களுக்குப் பகிர்ந்தளிக்கும்போது கணவனையும் மனைவியையும், பெற்றோரையும் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் பிரித்தலாகாது என்பன அதன் விதிகளுள் சில. குடும்பம் கலையாதிருப்பது தோட்ட உழைப்புக்கு நன்மை பயக்கும் என்பதே இவ்விதிகளின் உட்கருத்து எனலாம். பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் பொறுப்பு இவ்வேற்பாட்டில் இடம்பெறவில்லை.

கரையில் எஞ்சியவை

மாரியம்மன் வழிபாடு அத்தீவுகளில் 'மாலியெமென்' என்னும் பெயரால் இன்றும் நிகழ்கிறது. மதுரைவீரன் 'மால்தெவிலின்' ஆனார். நாடகம் 'நாத்ரோன்' ஆயிற்று. குழம்பு 'கொலம்போ' என்னும் பெயரில் தீவினர் அனைவரின் உணவாயிற்று. சிதம்பரம், முத்துசாமி, ராமசாமி முதலிய இயற்பெயர்கள் பிரெஞ்சு எழுத்தில் பதிவாகிக் குடும்பப் பெயர்களாக நிலைத்தன. 1904 முதல் 1923 வரை இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக்காக வழக்காடிய ஹென்றி சிதம்பரம் இத்தகைய பெயரைத் தாங்கியவரே.

இவை அனைத்தும் கேட்டும் பார்த்தும் செய்தும் கற்கத்தக்கவை; அடுப்படியிலும் பூசையிலும் கூத்திலும் கைமாறுபவை. கப்பலின் கீழ்த்தளத்திலும் தோட்டக் குடியிருப்பிலும் இவற்றைக் கற்பிக்க நூலும் பள்ளியும் தேவைப்படவில்லை. எழுத்துத் தமிழும் அன்றாடப் பேச்சுத் தமிழும் இவ்வாறு நிலைக்கவில்லை. பள்ளி பிரெஞ்சு மொழியிலும் அக்கம்பக்கம் கிரியோல் மொழியிலும் இயங்கியதால், தமிழ் சில தலைமுறைகளில் வழிபாட்டு ஒலியாகச் சுருங்கியது.

மொரீசியசின் நிலை இதற்கு மாறானது. அங்கும் பெரும்பாலான தமிழ் வம்சாவளியினரின் வீட்டுமொழி கிரியோலே. ஆயினும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தமிழ் கற்பிக்கப்படுகிறது. பணத்தாள்களில் தமிழ் எழுத்து இடம்பெறுகிறது. வீடு கைவிட்ட எழுத்தைப் பள்ளி காத்தது.

முடிவுரை

கப்பலேறிய குடும்பங்கள் தமிழைப் பேணவில்லை என்று கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. தம்மிடம் இருந்தவற்றை அவை முழுமையாகவே கைமாற்றின. தாயகத்திலேயே எழுத்து மறுக்கப்பட்டிருந்த வீடுகளிடம் அதனைக் கடல்கடந்து காக்குமாறு எதிர்பார்ப்பது முறையன்று. தீவுகளில் நேர்ந்த மொழியிழப்பின் ஒரு வேரைத் தாயகத்துக் கல்விப் பகிர்விலும் தேட வேண்டும். 1822ஆம் ஆண்டு அளவீட்டின் மாவட்ட அறிக்கைகளையும் கப்பற் பதிவேடுகளையும் ஒருசேரப் படிப்பது அத்தேடலுக்குத் துணைசெய்யும்.