அடிக்கரும்பும் செம்மரமும்

கள்ளக்குறிச்சிப் பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? ஜன்னலுக்கு வெளியே கரும்பு, கரும்பு, கரும்பு! ஒரு கழியை ஒடித்துக் கடித்துப் பாருங்கள். அடிக்கரும்பு தித்திக்கும். நுனிக்கரும்பு சப்பென்று இருக்கும். காரணம், அடிக்கணுவுக்கு வயசு அதிகம். நுனி இன்னும் குழந்தை! அறுவடைக்குச் சில வாரங்கள் முன்னால் விவசாயி தண்ணீரைக் குறைப்பாரே, அதுவும் இதற்காகத்தான். தாகத்தில் வளர்ச்சி மட்டுப்பட்டு, தண்டில் சர்க்கரை ஏறும்.

ஆக, ஒரு தண்டுக்குள் என்ன சரக்கு என்பதைத் தீர்மானிப்பதில் வயசுக்கும் வளர்ந்த இடத்துக்கும் பெரிய பங்கு உண்டு. கரும்பில் இனிக்கிற இதே விதி, செம்மரத்தில் ரத்தம் கேட்கிறது.

'வைரம் பாய்ந்த கட்டை' என்கிறோமே, அது வெறும் உவமை இல்லை. மரத்தின் வெளிப்பகுதி தண்ணீர் கடத்தும். நடுவில் வயசான செல்கள் செத்துப்போகும். சாகும்போது அங்கே வேதிப்பொருள்கள் நிரம்பும். செம்மரத்தில் அது சான்டலின் என்கிற சிவப்புச் சாயம். நல்ல மண்ணில் தண்ணீர் ஊற்றி வளர்த்தால் மரம் மளமளவென்று பருக்கும், ஆனால் வைரம் அந்த அளவுக்குப் பாயாது. ஆந்திராவின் சேஷாசலம் மாதிரி கல்லும் வெயிலுமான மலையில், பல பத்தாண்டுகள் காய்ந்து நின்றால்தான் அசல் சிவப்பு!

17-ம் நூற்றாண்டிலேயே டச்சுக்காரர்கள் பழவேற்காட்டிலிருந்து இதைக் கப்பலேற்றினார்கள். ஐரோப்பாவில் துணிக்குச் சாயம். ஜப்பானில் ஷாமிசென் வாத்தியத்தின் கழுத்து. சீனாவில் பணக்கார வீட்டு நாற்காலி. 1995-ல் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாடு வந்தது. கடத்தல் மட்டும் நிற்கவில்லை.

வெட்டுவது யார்? கல்வராயன், ஜவ்வாது மலைகளின் ஏழைகள் பலர். கல்வராயன் மலை ஜாகீர்தார்களிடமிருந்து அரசின் கைக்கு வந்ததே 1976-ல்தான். மலையேறத் தெரியும், கோடாரி பிடிக்கத் தெரியும், ஊரில் வேலை இல்லை. புரோக்கருக்கு வேறென்ன வேண்டும்?

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலத்தில் ஆந்திர போலீஸ் சுட்டதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் செத்தார்கள். 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து பேரின் உடல்கள் மிதந்தன. கல்வராயன் மலையின் கருமந்துறைப் பக்கத்து ஆட்கள்.

காட்டில் வெளிமரத்தைச் செதுக்கித் தள்ளிவிட்டு, வைரத்தை மட்டும்தான் சுமந்து வருவார்கள். அந்த வைரத்தின் விலை கடல் தாண்டிப் போய்விடும். சுமந்தவனுக்குக் கூலி மட்டும். அதுவும் உயிரோடு இறங்கி வந்தால்!

அடுத்த பொங்கலுக்குக் கரும்பு கடிக்கும்போது, அந்த ஏரியையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.