முதல் எக்ஸ்ரே வகுப்பில் கை நீட்டியவர்

1/ எக்ஸ்ரேன்னு சொன்னா ராண்ட்ஜனோட மனைவி கை, விரல்ல மோதிரம், இந்தப் படம்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். அதுக்கு ஒரு மாசம் கழிச்சு இன்னொருத்தர் கை நீட்டினார். முதலாமாண்டு மாணவர்களுக்கு நான் அவர் கதையிலிருந்துதான் தொடங்குவேன்.

2/ ராண்ட்ஜன் டாக்டர் இல்லை. ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் இயற்பியல் பேராசிரியர். 1895 நவம்பர் 8 அன்று அந்தக் கதிரைக் கண்டார். டிசம்பர் 22 அன்று மனைவியின் கையைப் படம் எடுத்தார்.

3/ 1896 ஜனவரி 23. அதே ஊரில் இயற்பியல் மருத்துவச் சங்கத்தின் கூட்டம். கண்டுபிடிப்பை விளக்கிய ராண்ட்ஜன், சபையிலிருந்த ஒரு பெரியவரின் கையைப் படம் எடுக்க அனுமதி கேட்டார். அவர் ஆல்பர்ட் ஃபான் கோலிக்கர். வயது 78. உடற்கூறியல் பேராசிரியர்!

4/ வாழ்நாளெல்லாம் உடலை அறுத்தும் நுண்ணோக்கியில் வைத்தும் பாடம் நடத்திய மனுஷன். தன் கை எலும்பைத் தோலில் ஒரு கீறல்கூட இல்லாமப் பார்க்கிறார். இதுக்கு 'ராண்ட்ஜன் கதிர்'னு பேர் வைக்கலாம்னு அங்கேயே முன்மொழிந்ததும் அவர்தான்.

5/ அதே மாதம் வியன்னாவில் ஹாஷெக், லிண்டென்தால் இருவரும், உடலிலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட ஒரு கையின் ரத்தக்குழாய்க்குள் சுண்ணக் கலவையைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். இன்றைய ஆஞ்சியோவுக்கு அதுதான் பாட்டன். அனாடமியும் எக்ஸ்ரேயும் ஆரம்பத்திலிருந்தே ஒட்டிப் பிறந்தவை.

6/ ஆனா நான் படிச்சப்போ ரெண்டும் தனித்தனி. முதலாமாண்டில் எக்ஸ்ரே என்பது பரீட்சையில் வைக்கும் ஒரு ஸ்பாட்டர். எலும்பு பேரை எழுதினா மார்க். படம் எப்படி உருவாகுதுன்னு யாரும் கேட்கலை, நானும் யோசிக்கலை.

7/ அதுக்கான விலையை ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ கொடுத்தேன். எழுந்து நிற்க முடியாத ஒரு பாட்டிக்குப் படுக்கையிலேயே மார்பு எக்ஸ்ரே. "இதயம் வீங்கியிருக்கு"ன்னு கேஸ் ஷீட்ல எழுதி, மகள்கிட்டயும் சொல்லிட்டேன். அந்தம்மா அழுதுட்டாங்க. சீனியர் வந்து ஒரே கேள்விதான் கேட்டார்: "ட்யூப் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

8/ எக்ஸ்ரே ஒரு நிழல். நின்று எடுக்கும்போது நெஞ்சு ஃபிலிமை ஒட்டியிருக்கும், கதிர் முதுகுப் பக்கமிருந்து வரும். இதயம் நெஞ்சின் முன்பக்கம் இருப்பதால் நிழல் ஏறக்குறைய நிஜ அளவில் விழும். படுக்கையில் எல்லாம் தலைகீழ். ஃபிலிம் முதுகுக்குக் கீழே. இதயம் ஃபிலிமை விட்டுத் தள்ளிப் போகுது, ட்யூப் கிட்ட வருது. நிழல் பெருசாயிடும்.

9/ மறுநாள் எக்கோ பார்த்தோம். பாட்டியோட இதயம் சரியான அளவுலதான் இருந்துச்சு. மகள்கிட்ட போய் மன்னிப்புக் கேட்டேன்.

10/ இப்போ முதலாமாண்டு அனாடமியிலேயே எக்ஸ்ரே படிக்கணும்னு பாடத்திட்டம் சொல்லுது. நல்ல விஷயம். ஆனா என் முதல் வகுப்புல ஃபிலிமே கிடையாது. விளக்கை அணைச்சுட்டு, செல்போன் டார்ச்சைப் போட்டு, "சுவருக்கு முன்னாடி கையை நீட்டுங்க, இப்போ மெதுவா சுவரை விட்டு விலக்குங்க"ன்னு சொல்வேன். நிழல் பெருசாகிறதைப் பார்த்த பிறகுதான் கோலிக்கர் கை திரையில் வரும்.