தேங்காய் வரி: மார்கோஸ் ஆட்சியில் விவசாயி இழந்த பணம்

பிலிப்பைன்ஸின் முன்னாள் அதிபர் ஃபெர்டினாண்ட் மார்கோஸ் என்றாலே அவர் மனைவி இமெல்டாவின் செருப்புகள்தான் பலருக்கும் ஞாபகம் வரும். ஆனால் அந்த ஆட்சியில் ஊழல் எப்படி நடந்தது என்று புரிந்துகொள்ள வேண்டுமானால் செருப்பு அலமாரியை விட்டுவிட்டுத் தென்னந்தோப்புப் பக்கம் போக வேண்டும்.

மார்கோஸ் 1965-ல் தேர்தலில் வென்று அதிபரானார். இரண்டு முறைக்கு மேல் அதிபராக இருக்க அன்றைய அரசியல் சட்டம் அனுமதிக்கவில்லை. இரண்டாவது பதவிக்காலம் முடிவதற்குள், 1972 செப்டம்பரில் நாடு முழுவதும் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். நாடாளுமன்றம் மூடப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர்களும் பத்திரிகையாளர்களும் சிறைக்குப் போனார்கள். அதன் பிறகு அதிபர் கையெழுத்துப் போட்ட காகிதம்தான் சட்டம்.

அப்படி 1973-ல் வந்த ஒரு ஆணைதான் தேங்காய் வரி. முதலில் 100 கிலோ கொப்பரைக்கு 15 பெசோ. உள்நாட்டில் தேங்காய் எண்ணெய் விலை ஏறாமல் பார்த்துக்கொள்ளவே இந்த வரி என்றார்கள். வரியைக் கட்டியவர்கள் ஆலைக்காரர்களும் ஏற்றுமதியாளர்களும்தான். ஆனால் அதைக் கழித்துக்கொண்டுதான் விவசாயிக்கு விலை கொடுத்தார்கள். 1982 வரை இப்படிச் சேர்ந்த தொகை சுமார் 970 கோடி பெசோ.

இந்தப் பணம் எங்கே போனது? 1975-ல் இதைக் கொண்டு ஒரு வங்கி வாங்கப்பட்டது. அதன் தலைவரானவர் மார்கோஸின் நெருங்கிய நண்பர் எடுவார்டோ கோஹுவாங்கோ. பிறகு எண்ணெய் ஆலைகள் வாங்கப்பட்டன. 1983-ல் நாட்டின் மிகப்பெரிய பீர் நிறுவனமான சான் மிகுவேலின் பங்குகளும் வாங்கப்பட்டன.

இதில் கவனிக்க வேண்டிய தந்திரம் ஒன்று உண்டு. வரியை வசூலித்தது அரசின் அதிகாரம். ஆனால் வசூலான பணம் அரசுப் பணம் அல்ல, விவசாயிகளின் சொந்தப் பணம் என்று மார்கோஸின் ஆணைகளே சொல்லின. அரசுப் பணம் இல்லை என்றால் அரசுத் தணிக்கையும் இல்லை! விவசாயியின் பெயரைச் சொல்லியே விவசாயியின் பணம் கைமாறியது.

1986 பிப்ரவரியில் மக்கள் எழுச்சியால் மார்கோஸ் ஹவாய்க்கு ஓடினார். புதிய அரசு அந்தப் பங்குகளை முடக்கியது. வழக்கு தொடங்கியது, ஆண்டுகள் ஓடின. வரியாக வசூலித்த பணம் பொதுப்பணமே என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் கருதியது. 2011-ல் கோஹுவாங்கோ வைத்திருந்த சான் மிகுவேல் பங்குகள் அவருக்கே சொந்தம் என்று தீர்ப்பு வந்தது. 2012-ல் இன்னொரு 24 சதவீதப் பங்கு அரசுக்குச் சொந்தம், அதைத் தென்னை விவசாயிகளின் நலனுக்கே செலவிட வேண்டும் என்று தீர்ப்பானது. அந்தப் பணத்தை விவசாயிகளுக்காக ஒரு அறக்கட்டளை நிதியாக்கும் சட்டம் 2021 பிப்ரவரியில்தான் வந்தது.

1973-ல் முப்பது வயதில் கொப்பரை விற்ற ஒரு விவசாயிக்கு 2021-ல் எழுபத்தெட்டு வயது. கோஹுவாங்கோவோ 1998 முதல் அதே சான் மிகுவேலின் தலைவராக இருந்து 2020-ல் இறந்தார். மார்கோஸின் மகன் 2022-ல் அதிபரானார்.

திருடிய பணத்தைத் திரும்ப வாங்கிவிடலாம். ஆனால் அது யாருக்குச் சேர வேண்டுமோ அவர்களில் பலர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். அதனால்தான் பொதுப்பணத்துக்குத் தணிக்கை வேண்டாம் என்று ஒரு ஆட்சியாளர் சொல்லும் அன்றைக்கே மக்கள் கேள்வி கேட்க வேண்டும்.