மூலமும் நகலும்: இரண்டு ‘கேஸ்லைட்’ படங்கள்

1944ஆம் ஆண்டு மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனம் ‘கேஸ்லைட்’ என்னும் படத்தை வெளியிட்டபோது, நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அதே பெயரில் இங்கிலாந்தில் ஒரு படம் வந்திருந்ததை அறிந்த அமெரிக்க ரசிகர் மிகச் சிலரே. அறியலாகாது என்பதே நிறுவனத்தின் விருப்பமும். உரிமையை வாங்கியவர்கள், மூலப் படத்தின் பிரதிகளை அழித்துவிட வேண்டுமென்று நிபந்தனை விதித்தனர். நெகடிவையும் விட்டுவைக்க எண்ணவில்லை.

இரண்டுக்கும் வேர், பேட்ரிக் ஹாமில்டன் எழுதி 1938இல் மேடையேறிய நாடகம். தன் மனைவிக்குச் சித்தம் கலங்கிவிட்டதென்று அவளையே நம்பவைக்கிறான் ஒருவன். முன்பு அந்த வீட்டில் கொலை செய்தவன் அவனே. அன்று கைக்கு எட்டாத மணிகளைத் தேடி, இரவில் மேல்தளத்தில் விளக்கேற்றுகிறான். வீடு முழுமைக்கும் வாயு ஒன்றாக வருவதால், கீழே அவளது அறையில் சுடர் தாழ்கிறது. அவள் கண்டது மெய். அதை மெய்யென்று ஒப்புவார்தாம் இல்லை.

தோரால்ட் டிக்கின்சன் இயக்கிய 1940ஆம் ஆண்டுப் படம் 84 நிமிடமே ஓடுவது. முதற்காட்சியிலேயே கொலை. அன்டன் வால்புரூக்கின் கணவனைத் தொடக்கத்திலேயே ஐயுறுகிறோம். டயானா வின்யார்டின் பெல்லாவோ நாம் சந்திக்கும்போதே பாதி நொறுங்கியவள்.

ஜார்ஜ் கியூக்கரின் படம் அரைமணி நேரம் கூடுதல். இத்தாலியில் காதலும் மணமும் நிகழ்ந்த பிறகே லண்டன் வீட்டின் கதவு திறக்கிறது. இது வீண் நீட்டல் என்றே முதலில் எண்ணினேன். மறுமுறை பார்த்தபோது எண்ணம் மாறிற்று. இங்ரிட் பெர்க்மனின் மலர்ந்த சிரிப்பை முன்பே கண்டிருப்பதால்தான், அது நாளுக்கு நாள் ஒடுங்குவது நம்மை வருத்துகிறது. அந்த நடிப்புக்கு ஆஸ்கார் கிடைத்ததில் வியப்பில்லை. ஆனால் மூலத்தில் உண்மையைத் துலக்கும் ஓய்வுபெற்ற முதிய காவலர், இங்கே இளமை மிக்க ஜோசப் காட்டனாக மாறிவிட்டார். கதாநாயகியை அழகன் ஒருவனே மீட்க வேண்டுமோ? ஹாலிவுட்டின் பழைய பலவீனம் இது!

கணவன் நாற்காலியில் கட்டுண்டு கிடக்க, கையில் கத்தியுடன் அவள் பைத்தியம்போல் பேசும் இறுதிக் கட்டம் இரண்டிலும் உண்டு. அங்கே இரு நடிகையருள் யார் மேல் என்று என்னால் துணிய இயலவில்லை.

படத்தின் பெயர் ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லாகவே ஆயிற்று. ‘கேஸ்லைட்டிங்’ என்பதை மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2022இல் ஆண்டின் சொல்லாக அறிவித்தது. அழிவுக்குத் தப்பிய மூலப் படம் 1952இல் அமெரிக்கா சென்றது. அங்கே அதற்குத் தன் பெயர்கூட வாய்க்கவில்லை. ‘ஏஞ்சல் ஸ்ட்ரீட்’ என்ற பெயரில் திரையிட்டார்கள்.