அரசுச் செலவில் ஒரு வக்கீல்

கொலை வழக்கில் நிற்பவன் கையில் காசில்லை என்றால் அவனுக்காக யார் பேசுவது? 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 340-ஆம் பிரிவு, அவன் வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்றது. பணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. 1951-இல் தாரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும், வக்கீலை அமர்த்தித் தருவது அரசின் கடமையல்ல என்றே சொல்லிவிட்டது.

மரண தண்டனைக்குரிய வழக்குகளில் மட்டும் உயர் நீதிமன்ற விதிகளின்படி அரசுச் செலவில் வக்கீல் போடும் வழக்கம் இருந்தது. எங்கள் நெல்லைக் கோர்ட்டில் அதை ‘ஸ்டேட் பிரீஃப்’ என்போம். 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 304-ஆம் பிரிவுதான் அதை எல்லா செஷன்ஸ் வழக்குகளுக்கும் விரித்தது.

ஆள் போட்டால் போதுமா? உத்தரப் பிரதேசத்தில் பஷீரா என்பவருக்கு வக்கீலை நியமித்த அன்றே முக்கிய சாட்சியை விசாரித்து முடித்தார்கள். 1968-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. பின்னர் ஒரு தீர்ப்பில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், அனுபவமில்லாத புதியவர்களை ஏழைகளின் தலையில் கட்டக் கூடாது என்று எழுதினார். தலைச்சேரியில் தொழிலாளர்களுக்காகவும் விவசாயிகளுக்காகவும் வாதாடியவர் அவர். எங்கே வலிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

1978-இல் ஹோஸ்காட் வழக்கில் அவரே இன்னும் ஒரு படி போனார். சிறையில் இருப்பவருக்காக நியமிக்கப்படும் வக்கீலுக்கு, நீதிமன்றம் நியாயமென்று நிர்ணயிக்கும் தொகையை, அவர்மேல் வழக்குப் போட்ட அரசே கொடுக்க வேண்டும் என்றார். இலவச சட்ட உதவிக்காக அந்தத் தீர்ப்பை எல்லோரும் எடுத்துக் காட்டுகிறார்கள். எனக்கு அதில் முதுகெலும்பு இந்தத் தொகைதான்.

ஏனென்றால் ஒரு கொலை வழக்கை நடத்துவது என்றால் என்ன? குற்றப்பத்திரிகைக் கட்டை வரிவரியாகப் படிக்க வேண்டும். போலீசில் சாட்சி சொன்னதையும் கூண்டில் சொல்வதையும் ஒப்பிட வேண்டும். பிரேதப் பரிசோதனை அறிக்கையிலுள்ள காயங்களைப் புரிந்துகொள்ள டாக்டர் ஒருவரிடம் போய் உட்கார வேண்டும். பாளையங்கோட்டை சிறைக்குப் போய்க் கட்சிக்காரரைப் பார்க்க வேண்டும். சம்பவ இடத்துக்கு பஸ் ஏற வேண்டும். தெருவிளக்கு எங்கே இருக்கிறது என்பதில் ஓர் உயிர் தொங்கும். எனக்கு வந்த ஸ்டேட் பிரீஃபுகளில் இதையெல்லாம் செய்தாலும் ஒன்றுமே செய்யாவிட்டாலும் வழக்குக்கு ஒரே தொகைதான். அதுவும் தீர்ப்பு வந்து, பில் போட்டு, பல மாதம் கழித்துத்தான் கைக்கு வரும். அக்கறையாக உழைப்பவர் கைப்பணத்தை இழந்தார். அந்த இழப்பைத் தாங்க முடியாத நல்ல வக்கீல்கள் மெல்ல ஒதுங்கினார்கள். நஷ்டம் கடைசியில் கூண்டில் நிற்பவருக்குத்தான்.

2019-இல் அனோகிலால் வழக்கு மறுபடி அதே இடத்துக்கு வந்தது: வக்கீலை நியமித்த நாளிலேயே குற்றச்சாட்டு வனைந்திருந்தார்கள். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கக்கூடிய வழக்குகளுக்குப் பத்தாண்டு அனுபவம் வேண்டும், தயாராகக் குறைந்தது ஏழு நாள் வேண்டும் என்று நீதிமன்றம் வகுத்தது. நல்ல நெறிகள். பத்தாண்டு அனுபவமுள்ளவருக்கு என்ன கொடுப்பது என்பது அவற்றில் இல்லை.

2022-இல் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் முழுநேர வக்கீல்களை மாதச் சம்பளத்தில் அமர்த்தும் திட்டத்தைக் கொண்டுவந்தது. பில்லுக்காக அலைய வேண்டாம்; அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் தனியாகத் தொழில் செய்யத் தடை, வேலையோ ஒப்பந்த அடிப்படையில். ஹோஸ்காட் தீர்ப்பு சொன்ன நியாயமான தொகைக்கு அளவுகோல் தேட வெகுதூரம் போக வேண்டாம்: அதே வழக்கில் எதிர்ப்பக்கம் நிற்கும் அரசு வழக்கறிஞருக்கு அரசு என்ன கொடுக்கிறதோ, அதையே இந்தப் பக்கத்துக்கும் கொடுக்கட்டும்.