ஆயில் ப்ரெஷர்: ஒரு மரக்கட்டை சொன்ன கதை

பழைய அம்பாசடர் வாங்கி எஞ்சினை ரீபில்ட் பண்ணி ஓட்டுற ஆசை சிட்டியில் இருக்கிற நிறைய பேருக்கு இருக்கு. பட்டறையில் இருந்து வண்டி வெளியே வரும்போது எல்லாம் நல்லாத்தான் இருக்கும். இருபது கிலோமீட்டர் ஓடி எஞ்சின் சூடான பிறகு, சிக்னலில் நிக்கும்போது ஆயில் ப்ரெஷர் முள்ளு கீழே சாயும். உடனே எல்லாரும் சொல்றது ஒண்ணுதான்: "பம்ப்பை மாத்துங்க". அது ஏன் பெரும்பாலும் தப்பான பதில்னு புரியணும்னா 140 வருசம் பின்னாடி போகணும்.

1883-ல் லண்டனில் பியூசாம்ப் டவர் என்கிற பொறியாளர், மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்துக்காக ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதனை பண்ணிக்கொண்டிருந்தார். நாலு அங்குல விட்டமுள்ள அச்சு, அதன் மேலே பித்தளை பேரிங், அடியில் எண்ணெய்த் தொட்டி. பேரிங்கின் உச்சியில் எண்ணெய் விட ஒரு ஓட்டை போட்டார். அச்சு சுத்த ஆரம்பிச்சதும் அந்த ஓட்டை வழியா எண்ணெய் உள்ளே போகாமல் வெளியே பொங்கி வந்தது. தக்கை வெச்சு அடைச்சார், தள்ளிவிட்டது. மரக்கட்டையை அடிச்சு இறுக்கினார், அதுவும் மெதுவா வெளியே வந்துவிட்டது. கடைசியில் அங்கே ஒரு ப்ரெஷர் கேஜை மாட்டினார். பேரிங் மேல் இருந்த சராசரி பாரம் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு. கேஜ் முள்ளோ 200-ஐத் தாண்டிப் போனது.

இத்தனைக்கும் அங்கே பம்ப்பே கிடையாது. சுத்துற அச்சே எண்ணெயை ஆப்பு மாதிரி இடுக்குக்குள் இழுத்தது, பேரிங் அந்த எண்ணெய் மேல் மிதந்துகொண்டிருந்தது. இது ஏன் நடக்குதுன்னு 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். இன்றைக்கும் பேரிங் வடிவமைப்புக்கு அந்தச் சமன்பாடுதான் அடிப்படை.

ஆக, பாரத்தைத் தாங்குற அழுத்தத்தை பேரிங்கே உண்டாக்கிக்கொள்ளும். அதுக்கு வேண்டியதெல்லாம் எண்ணெய் வறண்டு போகாமல் வந்துகொண்டே இருக்கணும், அவ்வளவுதான். 1890-ல் பர்மிங்காமில் பெல்லிஸ் அண்ட் மார்காம் கம்பெனியில் வேலை பார்த்த ஆல்பர்ட் பெயின், வேகமா சுத்துற நீராவி எஞ்சினுக்குப் பம்ப் வெச்சு எண்ணெய் அனுப்பும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். கார்களில் அது எல்லா இடத்துக்கும் உடனே வந்துவிடவில்லை. 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி-யில் பம்ப்பும் இல்லை, கேஜும் இல்லை. ஃபிளைவீல் எண்ணெயை வாரி இறைக்கும், அதிலேயே எஞ்சின் ஓடிவிடும். நம்ம கிணத்து மேட்டில் ஓடின லிஸ்டர் வகை ஆயில் எஞ்சினும் கிட்டத்தட்ட அதே ஜாதிதான். நிமிசத்துக்கு 650 சுத்து, கரண்டி மாதிரி ஒரு நீட்டம் எண்ணெயை அள்ளி வீசும். வேகம் கம்மி என்பதால் அது போதும்.

அம்பாசடருக்கு அது போதாது. 1958-ல் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை வெச்சு அம்பாசடரைக் கொண்டுவந்தது. அடுத்த வருசமே 1489 சிசி பி.எம்.சி. பி-சீரிஸ் எஞ்சின் வந்தது. அதில் மூணு மெயின் பேரிங், நாலு பிக் எண்ட், மூணு கேம் புஷ். எல்லாத்துக்கும் ஒரே பம்ப், ஒரே கேலரியில் இருந்துதான் எண்ணெய் போகணும்.

இதை சொட்டுநீர்ப் பாசனம் மாதிரி நினைச்சுக்குங்க. மோட்டார் தண்ணியைத் தள்ளும். மெயின் லைனில் கேஜ் இருக்கும். ஒவ்வொரு டிரிப்பரும் சின்னதா இருந்தால்தான் கேஜில் அழுத்தம் நிக்கும். எங்கேயோ ஒரு லேட்டரலை அணில் கடிச்சுட்டால் முள்ளு விழுந்துடும். அதுக்காக யாரும் மோட்டாரை மாத்த மாட்டோம், வரப்பில் நடந்து ஈரம் எங்கேன்னு பார்ப்போம்.

எஞ்சினில் டிரிப்பர் என்பது பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி. ரெண்டு அங்குல ஜர்னலுக்கு ஒண்ணு ரெண்டு 'தவ்' இருந்தால் போதும். ஒரு தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, தலைமுடியை விட மெல்லிசு. ரெனால்ட்ஸ் கணக்குப்படி இடைவெளி ரெண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்காகும். லேத்தில் கிராங்கை ஒரு தவ் கூடுதலா சாணை பிடிச்சுட்டால் என்ன ஆகும்னு இதிலிருந்தே தெரியும்.

எங்க ஊர் ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தரோட அம்பாசடர் விசயம் இதுக்கு நல்ல உதாரணம். டவுன் பட்டறை ஒண்ணில் பெரிய செலவு பண்ணி ரீபில்ட் ஆன எஞ்சின். சூட்டில் ஐட்லிங் ப்ரெஷர் அஞ்சு பவுண்டுக்கு வந்துவிடும். பம்ப்பை ரெண்டு தடவை மாத்தினாங்க. அப்புறம் ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வெச்சாங்க. கடைசியா "கெட்டி ஆயில் ஊத்தி ஓட்டுங்க சார்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. வாத்தியார் வெறுத்துப்போய் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட ஆள் பேசிட்டார். முப்பது வருசமா ஊர்ப் பிரசவத்துக்கெல்லாம் ஆஸ்பத்திரி போன வண்டி அது.

ஆயில் எஞ்சின் பார்க்கிற அண்ணன் ஒருத்தர் எங்க ஊரில் உண்டு. அவர்தான், "பம்ப்பு தள்ளத்தான் செய்யும் தம்பி, ப்ரெஷரைக் குடுக்கிறது அடைப்பு. கசியுற எடத்தைப் பார்க்காம பம்ப்பை மாத்தி என்ன பண்ண?"னு கேட்டார்.

அவர் போன வரிசை இது. முதலில் வேற ஒரு நல்ல கேஜை மாட்டி, முள்ளு பொய் சொல்லலைன்னு உறுதி பண்ணினார். ஆயில் குச்சியை மோந்து பார்த்தார். பெட்ரோல் கலந்து எண்ணெய் நீர்த்துப்போனாலும் ப்ரெஷர் விழும். ரிலீஃப் வால்வைக் கழட்டி அழுக்கு சிக்கியிருக்கான்னு பார்த்தார். வால்வு திறந்தபடி சிக்கினால், சூடு ஆறுதல் இல்லாமல் எப்பவும் கம்மியாத்தான் காட்டும். முள்ளு நடுங்கினால் சம்ப்பில் இருக்கிற சல்லடைக் குழாய் ஜாயிண்டில் காத்து இழுக்குதுன்னு அர்த்தம், கிணத்தில் சக்சன் பைப் காத்து வாங்குற மாதிரி. இங்கே நடுக்கம் இல்லை. ஆறியிருக்கும்போது நல்லா காட்டி, சூட்டில் மட்டும் விழுது. எண்ணெய் சூட்டில் இளகும், அகலமான இடைவெளியில் ஓடிவிடும். ஆக, கசிவு ஏதோ ஒரு பேரிங்கில்.

பிறகு சம்ப்பைக் கழட்டினார். மருந்தே ஊத்தாத புது கைத்தெளிப்பானில் எஞ்சின் ஆயிலை ஊத்தி, காத்தடிச்சு, கேஜ் மாட்டுற துளையில் ஹோஸைச் சொருகினார். எல்லாரும் எஞ்சினுக்கு அடியில் படுத்துப் பார்த்தோம். கிராங்கை மெதுவா சுத்தச் சுத்த மெயின், பிக் எண்ட் எல்லாத்திலும் சொட்டுச் சொட்டாத்தான் விழுந்தது. சரியான பேரிங் நிமிசத்துக்கு 20-ல் இருந்து 150 சொட்டு வரை விடும்னு பழைய அமெரிக்கப் பட்டறைக் கணக்கு ஒண்ணு உண்டு, அந்த அளவுக்குள்தான். ஆனால் நடு கேம் புஷ் பக்கத்தில் எண்ணெய் நூலா ஒழுகியது.

கேம் புஷ்ஷை மாத்தவே இல்லை. பலரும் விட்டுவிடுகிற இடம் அதுதான், ஏன்னா புது புஷ் போட்டால் மூணையும் ஒரே நேர்கோட்டில் ரீமர் போட்டு எடுக்கணும், எண்ணெய்த் துளை நேரா உட்காரணும். எஞ்சினை மறுபடி இறக்கி அந்த வேலையை முடிச்சாங்க. வாஷரைத் தூக்கிப் போட்டுவிட்டு சாதாரண ஆயிலே ஊத்தினாங்க. இப்போ சூட்டில் ஐட்லிங் இருபதுக்குக் கீழே இறங்கலை. வாத்தியார் இரும்புக்காரருக்கு வர வேண்டாம்னு போன் போட்டுட்டார்.

ஸ்பிரிங்குக்கு வாஷர் வெக்கிறதும் கெட்டி ஆயில் ஊத்துறதும் ஏன் ஆபத்து? ரெண்டும் கேஜில் முள்ளை ஏத்தும், தேய்ஞ்ச இடம் தேய்ஞ்சபடியேதான் இருக்கும். கெட்டி ஆயில் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மெல்லிய இடைவெளிக்குப் போய்ச் சேரவே நேரமாகும்.

தாத்தா காலத்து வண்டியைப் பட்டறையில் விட்டிருக்கிற நண்பர்கள், எஞ்சினை மூடுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. கிராங்க் ஒவ்வொரு ஜர்னலும் எத்தனை தவ், ஷெல் எந்த அண்டர்சைஸ்? கேம் புஷ் மாத்தினீங்களா? கழுவும்போது கழட்டின கேலரி பிளக் எல்லாம் திரும்ப மாட்டியாச்சா? பதிலை ஒரு தாளில் எழுதி வாங்கி வண்டிக்குள்ளேயே வெச்சுக்குங்க.