வாட்டின் மச்சும் பேக்கனின் மாடியும்

“இதையெல்லாம் எப்பத்தான் முடிப்பீங்க?”

வீட்டோடு ஒரு பட்டறை வைத்திருக்கிற எவரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார். எங்கள் மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை இருக்கிறது. ஊஞ்சலுக்கென்று வாங்கிப் பாதி இழைத்த தேக்குப் பலகை அங்கே சுவரில் சாய்ந்து நிற்கிறது. கழற்றிய சுவர்க் கடிகாரத்தின் பல்சக்கரங்கள் ஒரு டிபன் பாக்ஸில் கிடக்கின்றன. மூன்று மிக்ஸி மோட்டார்கள், அளவு பிரிக்காத திருகாணிகள் நிறைந்த ஹார்லிக்ஸ் பாட்டில்கள், சைக்கிள் டியூப் துண்டுகள் என்று சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்ற நம்பிக்கையில் சேர்ந்தவை இன்னும் பல. இவற்றைக் குப்பை என்பதா, சரக்கு என்பதா? பல வருஷமாக இந்தக் கேள்வி எனக்குள் இருக்கிறது. இதற்கு விடை தேடியபோது கைகொடுத்தவை, நான் படித்தும் படங்களில் பார்த்தும் அறிந்த இரண்டு அறைகள்.

ஒன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீராவி எஞ்சினுக்குப் பேர்போன ஜேம்ஸ் வாட் தம் முதுமையில் வேலை செய்த மச்சு அறை அது. மற்றொன்று டப்ளின் நகரத்து ஹியூ லேன் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஓவியர் ஃபிரான்சிஸ் பேக்கன் முப்பது வருஷம் படம் தீட்டிய மாடி அறை. இரண்டுமே பிறந்த இடத்தில் இல்லை. கதவையும் தரைப்பலகையையும் சேர்த்துப் பெயர்த்து, சாமான்களை இருந்தது இருந்தபடியே வேறு ஊரில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். ஒழுங்கான அறையை இப்படிக் காப்பாற்றுவதில் வியப்பில்லை. இவை இரண்டும் கால் வைக்க இடமில்லாதபடி அடைந்து கிடந்த அறைகள். அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியது. வாட்டுக்கு அது பொழுதுபோக்கு அறை, பேக்கனுக்கோ பிழைப்பு நடந்த இடம், இரண்டையும் எப்படி ஒப்பிடலாம் என்று கேட்கலாம். அந்த வேறுபாட்டுக்காகத்தான் ஒப்பிடுகிறேன்.

வாட்டின் வீட்டுக்கு ஹீத்ஃபீல்ட் என்று பெயர். பர்மிங்ஹாமை ஒட்டிய ஹேண்ட்ஸ்வொர்த்தில் 1790-ல் கட்டிய வீடு. சமையல்கட்டுக்கு மேலே, கூரையை ஒட்டிய தாழ்ந்த மச்சைத் தமக்கென்று வைத்துக்கொண்டார். வெயிலில் கொதிக்கும், குளிரில் நடுக்கும். சன்னலோரம் காலால் மிதித்துச் சுழற்றும் கடைசல் இயந்திரம். சுவரெல்லாம் அலமாரி, அலமாரியெல்லாம் இழுப்பறை, இழுப்பறையெல்லாம் பொட்டலம், குப்பி, உளி, அரம். இளம் வயதில் கிளாஸ்கோவில் கருவி செய்பவராகப் பிழைத்த காலத்துப் புல்லாங்குழல் துண்டுகள்கூட உண்டு. கடிதத்தைப் படி எடுக்க 1780-ல் அவர் காப்புரிமை பெற்ற அச்சு உண்டு. உருகவைக்க, காய்ச்ச ஒரு கணப்பு. அந்தக் கணப்போரம் ஒரு வாணலியும் இருந்தது. இரண்டாம் மனைவி ஆன் மெக்ரெகர் வீட்டுச் சுத்தத்தில் கண்டிப்பானவர். அழுக்கு உடையோடு சாப்பாட்டுக்கு இறங்கி வருவதைத் தவிர்க்க, வாட் மேலேயே சமைத்துச் சாப்பிட்டுக்கொள்வாராம். எனக்கு இந்த வாணலியின் மேல் தனிப் பிரியம். வீட்டாரோடு சண்டை போடாமல், தம் உலகத்தையும் விடாமல் இருக்க அந்த மனிதர் கண்ட வழி அது.

அந்த அறையின் நடுவில் நின்றவை இரண்டு இயந்திரங்கள். சிலையைப் படி எடுக்கும் இயந்திரங்கள். ஒரு முனை மூலச் சிலையைத் தடவிக்கொண்டே போகும். அதோடு இணைத்த இன்னொரு முனையில் சுழலும் வெட்டுக்கருவி, அதே அசைவில் கல்லையோ தந்தத்தையோ செதுக்கும். ஒன்று சிறிதாக்கிச் செதுக்குவது, மற்றொன்று அதே அளவில் செதுக்குவது. 1802-ல் பாரிஸ் போனபோது பதக்கங்களைப் படி எடுக்கும் ஒரு கருவியைப் பார்த்ததில் முளைத்த யோசனை. அதன்பின் சாகும்வரை, பதினைந்து வருஷத்துக்கும் மேலாக, இதையே கழற்றினார், மாட்டினார், திருத்தினார். காப்புரிமை எடுக்கவில்லை. இயந்திரங்கள் முழுமையடையவும் இல்லை. அவற்றில் செதுக்கிய சின்னஞ்சிறு மார்பளவுச் சிலைகளை நண்பர்களுக்கு அனுப்பி, இது ஓர் இளம் கலைஞரின் வேலை என்று எழுதுவார். எண்பதைத் தாண்டியவர். 1819 ஆகஸ்டில் இறந்தார். சிறிதாக்கும் சிலைப்படி இயந்திரத்துக்குப் பெஞ்சமின் செவர்ட்டன் காப்புரிமை பெற்றது அதற்கெல்லாம் பிறகு, 1844-ல்.

இதே வாட்டின் வாழ்க்கையில் முன்பு ஒருமுறை ஒரு வேலை முடியாமல் கிடந்தது. அது வேறு கதை. நீராவியைத் தனிக் கலனில் குளிர்விக்கலாம் என்ற யோசனை 1765-ல் வந்தது. காப்புரிமை 1769-ல். விற்கத்தக்க எஞ்சின் ஓடியது 1776-ல். நடுவில் பதினோரு வருஷம். உருளையைத் துல்லியமாகக் குடைய ஆளில்லை. இரும்பு வார்ப்பாளர் வில்கின்சனின் குடையும் இயந்திரம் வந்த பிறகே அது கைகூடியது. அதுவரை கால்வாய்க்கு நிலம் அளந்து பிழைத்தார். பணம் போட்ட ரோபக் 1773-ல் திவாலானார். அதே வருஷம் முதல் மனைவி மார்கரெட் இறந்தார். அந்தப் பதினோரு வருஷத்தில் முடியாத எஞ்சின் அவர் தலைமேல் கடனாக உட்கார்ந்திருந்தது. புதிய கூட்டாளி மேத்யூ போல்டனோடு சேர்ந்து அதை முடித்து, ஊரெங்கும் ஓடவிட்டு, 1800-ல் காப்புரிமையும் கூட்டும் முடிந்த பிறகுதான் மச்சுக்கு முழுமூச்சாக ஏறினார். கை அதே கை. முடியாமை அதே முடியாமை. இப்போது கீழே யாரும் அந்தப் பொருளுக்காகக் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான் மாற்றம். அந்த ஒரு மாற்றத்தில் முடியாத வேலை கடனிலிருந்து கையிருப்பாகிவிட்டது. என் விடையில் பெரும்பகுதி இங்கேயே கிடைத்துவிட்டது.

பேக்கனின் அறை லண்டன் தெற்குக் கென்சிங்டனில், ரீஸ் மியூஸ் சந்தில் 7-ஆம் எண் வீட்டு மாடியில் இருந்தது. முன்பு குதிரைவண்டி நிறுத்திய கட்டடம். ஏணிபோல் செங்குத்தான படி. பிடித்து ஏறக் கயிறு. 1961-ல் குடிபுகுந்து 1992-ல் சாகும்வரை அங்கேதான் வேலை. தூரிகை துடைக்கத் தனிப் பலகை கிடையாது. கதவும் சுவரும்தான் வண்ணக் குழைதட்டு. தரையில் கணுக்கால் புதையக் கிழிந்த புத்தகத் தாள்கள், புகைப்படங்கள், காய்ந்த வண்ணக் குழாய்கள், துணிகள். அதே மாடியில் அவர் உண்டு உறங்கிய அறைகளோ துடைத்து வைத்தாற்போல இருந்தன. ஆகவே இவரைச் சோம்பேறி என்று தள்ள முடியாது. குப்பைக்கு ஓர் எல்லை போட்டிருந்தார். கதவுக்கு இந்தப் பக்கம் அது வராது.

தேம்ஸ் கரையில் ஒரு வீடு வாங்கிப் பார்த்தார். தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் ஒத்துவரவில்லை. வசதியான, அழகாக்கிய வேறோர் இடத்திலும் கை ஓடவில்லை. மறுபடி ரீஸ் மியூஸுக்கே வந்தார். காலடியில் மிதிபட்டுக் கசங்கிய புகைப்படத்தில் ஒரு முகம் எதிர்பாராமல் மடிந்திருக்கும். அந்த மடிப்பு படத்துக்குள் போய்விடும். தூசியையே வண்ணமாகப் பயன்படுத்தியவர் அவர்: 1945-ல் தீட்டிய ஒரு படத்தில், அமர்ந்திருப்பவரின் கம்பளி உடைக்குத் தரைத் தூசியை அப்பியிருக்கிறார்.

இரண்டு குவியல்களும் இங்கேதான் பிரிகின்றன. வாட்டின் குவியலில் எதுவும் தற்செயலாக விழுந்ததில்லை. பொட்டலம் கட்டி, இழுப்பறையில் போட்டு, நாளைக்கு ஆகும் என்று வைத்தவை. எங்கே இருக்கிறது என்று கை அறியும். பேக்கனின் குவியலில் எதையும் தேடி எடுக்க முடியாது; தானாகக் கண்ணில் பட்டால்தான் உண்டு. முன்னதை நான் சரக்கறை என்பேன், பின்னதை எருக்குழி என்பேன். எருக்குழியை இகழ்ச்சியாகச் சொல்லவில்லை. விவசாயம் தெரிந்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். ஆனால் சரக்கறையை நடத்துகிறவர் எருக்குழியின் நியாயத்தைச் சொல்லித் தப்பிக்கக் கூடாது. என் பாட்டிலில் கலந்து கிடக்கும் திருகாணிகள் எனக்கு எந்த யோசனையையும் தந்ததில்லை. தேடும் நேரத்தைத் தின்றிருக்கின்றன, அவ்வளவே.

முடியாத வேலைகளை இருவரும் நடத்திய விதம் இதைவிட முக்கியம். பேக்கன் இறந்து ஆறு வருஷம் கழித்து, அவருடைய வாரிசான ஜான் எட்வர்ட்ஸ் அறையை அப்படியே டப்ளினுக்குக் கொடுத்தார். பேக்கன் பிறந்த ஊர் அது. தொல்லியல் ஆய்வாளர்கள் அகழ்வாய்வு செய்வதுபோல ஒவ்வொரு அடுக்காக வரைந்து, எண்ணிட்டு எடுத்தார்கள், தூசியையும் விடவில்லை. 7,000-க்கும் அதிகமான பொருள்கள் தேறின. அவற்றில் ஏறக்குறைய 100, கத்தியால் கிழித்த ஓவியங்கள். பலவற்றில் முகம் இருந்த இடம் மட்டும் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. மனத்துக்குப் பிடிக்காத படம் அப்படியே வாசல் தாண்டினால் விலைபோய்விடும். பெயர் பெற்ற ஓவியரின் அரைகுறைப் படத்துக்கும் சந்தை உண்டு. அதனால் முகத்தை வெட்டினார். சந்தை காத்திருக்கும் பட்டறையில், முடியாத வேலையைச் சும்மா சுவரில் சாய்த்து வைக்கும் சுதந்திரம் கிடையாது. வாட் எதையும் கிழிக்கவில்லை. கிழிக்கத் தேவை எழவில்லை. 8,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் அந்த மச்சில் இருந்தன, பாதியில் நின்றவை பாதியிலேயே.

இங்கே என் சாய்வை ஒளிக்க விரும்பவில்லை. ஓவியராகப் பேக்கன் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், வீட்டுப் பட்டறை வைத்திருப்பவர் பார்த்துக் கற்க வேண்டிய இடம் வாட்டின் மச்சு. நாம் பொழுதுபோக்குக்காக எடுத்த வேலைக்கும் பிழைப்பின் கணக்கைப் போட்டு நம்மை வருத்திக்கொள்கிறோம். ஏழு வருஷமாக முடியாத ஊஞ்சல் என்று சொல்லும்போது, ஏதோ ஒப்பந்தத் தேதி தவறிய தச்சனைப்போல் குறுகிப்போகிறோம். அந்தப் பலகையை இழைத்த மாலைகள் எத்தனை, அதில் கை எதைக் கற்றது என்ற கணக்கை யாரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

இன்னொன்றும் உண்டு. சேர்த்து வைத்தவர் மறைந்த பின் குவியல் பேசத் தொடங்குகிறது. நான் முன்னோட்டமாக எதையும் வரைவதில்லை என்று பேட்டிகளில் சொல்லிவந்தவர் பேக்கன். அறையைப் பிரித்தபோது சுமார் 70 கோட்டோவியங்கள் கிடைத்தன. குவியல் அவர் வாய்ச்சொல்லை மறுத்தது. வாட்டின் மச்சில் பெயரெழுதாத ஒரு வார்ப்பு அச்சு இருந்தது. உள்ளே யாருடைய முகம் என்று தெரியாமலே இருந்தது. 2011-ஐ ஒட்டி லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிப் பொறியியலாளர்கள் லேசரால் அளந்து, கணினியில் உட்புறத்தை வெளிப்புறமாக்கிப் பார்த்தபோது தெரிந்தது, அது வாட்டின் முகமேதான். எவரேனும் நல்லெண்ணத்தில் அந்த மச்சைக் கூட்டிப் பெருக்கியிருந்தால் முதலில் போயிருக்கக்கூடியது அந்த அச்சுதான்.

அதே மச்சில் ஒரு தோல் பெட்டியும் இருந்தது. மகன் கிரெகரியின் பள்ளிப் புத்தகங்களும் பயிற்சி ஏடுகளும் அதில். காசநோயால் 1804-ல், 27 வயதில் இறந்துபோனவன். உளிக்கும் அரத்துக்கும் நடுவில் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டுதான் தகப்பன் பதினைந்து வருஷம் கடைசல் மிதித்தார். பட்டறைச் சாமான் பட்டியலில் இதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது? பொருள்களை உதவும், உதவாது என்று இரண்டாகப் பிரிக்கச் சொல்பவர்கள் இந்தப் பெட்டியின் முன் சற்று நிற்க வேண்டும்.

வாட் இறந்ததும் அவருடைய இன்னொரு மகன் அறையைப் பூட்டினார். ஒரு நூற்றாண்டுக்கும் மேல் சிலரைத் தவிர வேறு யாரும் உள்ளே போகவில்லை. 1924-ல் சன்னல், கதவு, தரைப்பலகை எல்லாவற்றோடும் அறை லண்டனுக்குப் போனது; பிறகு வீடும் இடிக்கப்பட்டது. டப்ளினில் பேக்கனின் அறை 2001-ல் திறக்கப்பட்டது. இப்போது இரண்டிலும் ஒவ்வொரு பொருளுக்கும் எண் இருக்கிறது. ஒரு தூரிகையைக்கூட இடம் மாற்ற முடியாது. வெளியிலிருந்து பார்க்கலாம்; கையை நீட்டி ஓர் ஆணி எடுக்க ஆளில்லை. காய்ந்த வண்ணத்தையும் நின்ற சக்கரத்தையும் படத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துவது இதுதான்.

போன வாரம் திருகாணிப் பாட்டில்களைக் கவிழ்த்து, பழைய செய்தித்தாளில் பரப்பி, அளவுவாரியாகப் பிரித்தேன். இரண்டு மாலை ஆனது. மிக்ஸி மோட்டார்களில் கம்பிச் சுருள் கருகிய இரண்டைக் காயலான் கடைக்குப் போட்டேன். டிபன் பாக்ஸில் இருந்த பல்சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டு மூடி வைத்தேன். தேக்குப் பலகையைத் திருப்பி, இழைக்காத பக்கம் வெளிச்சத்துக்கு வரும்படி சாய்த்திருக்கிறேன்.